மோதாமல் சூடேறும் காற்று

விண்வெளியின் கதை: அத்தியாயம் 19

வால்நட்சத்திரம் எந்தத் திசையில் பயணம் செய்தாலும் அதன் அயனி வால் சூரியனுக்கு எதிர்ப்புறமாகவே நீள்கிறது. சூரியனிலிருந்து ஏதோ ஒன்று ஓயாமல் வீசிக்கொண்டிருந்தால்தான் இது நடக்கும் என்று ஜெர்மனியின் லுட்விக் பியர்மன் 1951-ல் சொன்னதோடு சென்ற அத்தியாயத்தை நிறுத்தியிருந்தோம். அந்த ‘ஏதோ ஒன்று’ என்ன என்பதைக் கணக்குப் போட்டுச் சொன்னவர் சிகாகோ பல்கலைக்கழகத்தின் இளம் இயற்பியலாளர் யூஜின் பார்க்கர்.

சூரியனைச் சூழ்ந்திருக்கும் கரோனாவின் வெப்பநிலை 10 லட்சம் டிகிரிக்கும் மேல். அவ்வளவு சூடான வாயுவைச் சூரியனின் ஈர்ப்பு விசை காலமெல்லாம் கட்டிவைத்திருக்க முடியாது. அது விரிந்து, வேகமெடுத்து, நொடிக்குப் பல நூறு கிலோமீட்டர் வேகத்தில் வெளியேறியே தீரும் என்றது பார்க்கரின் சமன்பாடு. அவர் அதற்குச் ‘சூரியக் காற்று’ என்று பெயர் வைத்தார். சூரியன் சுழல்வதால், அந்தக் காற்று இழுத்துச் செல்லும் காந்தக் கோடுகள் தோட்டத்தில் சுழலும் நீர்த் தெளிப்பானின் தாரை போல வளைந்து சுருள வேண்டும் என்றும் அதே கட்டுரையில் எழுதினார்.

கட்டுரை ‘ஆஸ்ட்ரோஃபிசிக்கல் ஜர்னல்’ இதழுக்குப் போயிற்று. மதிப்பாய்வு செய்த இரண்டு நிபுணர்களும் அதைத் தள்ளிவிட்டார்கள். இதை எழுதியவர் முதலில் நூலகத்துக்குப் போய்ப் படித்துவிட்டு வரட்டும் என்ற தோரணையில் ஒருவர் குறிப்பு எழுதியிருந்தார். இதழின் ஆசிரியர் சுப்ரமணியன் சந்திரசேகர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, கப்பலில் இங்கிலாந்து போகும் வழியில் வெண்குறு விண்மீன்களின் எடைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு என்று கண்ட அதே சந்திரசேகர். அவர் பார்க்கரின் அறைக்கே வந்து, இதை வெளியிடத்தான் வேண்டுமா என்று கேட்டார். கணிதத்தில் பிழை இருப்பதாக இருவருமே சொல்லவில்லையே என்றார் பார்க்கர். சந்திரசேகரும் கணிதத்தைப் பார்த்திருந்தார். அவருக்கும் பிழை தென்படவில்லை. ஆனால் முடிவு அவருக்குப் பிடிக்கவில்லை. பிடிக்காமலேயே, நிபுணர்களின் தீர்ப்பை ஒதுக்கிவைத்துவிட்டு, 1958-ல் அதை அச்சேற்றினார்.

அறிவியல் வரலாற்றில் கண்டுபிடிப்புகளைக் கொண்டாடுகிறோம். தனக்கே நம்பிக்கையில்லாத ஒரு கருத்துக்கு, அதில் தவறு காட்ட முடியவில்லை என்ற ஒரே காரணத்துக்காக வழிவிட்ட இந்த நேர்மையும் அதே அளவு கொண்டாடத் தக்கது. இந்த அத்தியாயத்தில் வரும் பெரும்பாலானவை அந்த ஒரு கையெழுத்திலிருந்து கிளம்பியவை.

வெள்ளிக்குப் போகும் வழியில்

பதிலுக்கு அதிக காலம் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. 1959-ல் சோவியத் ஒன்றியத்தின் லூனா விண்கலங்களில் கான்ஸ்டன்டின் கிரிங்காவுஸ் குழு வைத்த அயனிப் பொறிகளில் சூரியத் துகள்கள் விழுந்தன. ஆனால் காற்று எப்போதும் வீசுகிறதா, அவ்வப்போது வந்துபோகிறதா என்பதைச் சொல்ல நீண்ட பயணம் தேவைப்பட்டது. 1962 ஆகஸ்ட் 27-ல் அமெரிக்காவின் மரைனர் 2 வெள்ளிக் கோளை நோக்கிக் கிளம்பியது. கலிஃபோர்னியாவின் ஜெட் புரொபல்ஷன் ஆய்வகத்தைச் சேர்ந்த மார்சியா நாய்கபாவரும் கான்வே ஸ்னைடரும் அதில் ஒரு துகள் எண்ணும் கருவியைப் பொருத்தியிருந்தார்கள். மூன்று மாதங்களுக்கும் மேல் அந்தக் கருவி எண்ணிக்கொண்டே போயிற்று. காற்று ஒரு நாள்கூட ஓயவில்லை. நொடிக்கு 300 கிலோமீட்டருக்குக் குறையாமல், சில நாள்களில் 700-ஐயும் தாண்டி வீசியது. பார்க்கர் சொன்னது அப்படியே நடந்துகொண்டிருந்தது.

அதே விண்கலத்தில் ஒரு காந்தமானியும் இருந்தது. அது அனுப்பிய எண்களில் பார்க்கர் சொன்ன சுருள் தெரிந்தது. கூடவே எதிர்பாராத ஒன்றும் தெரிந்தது. காந்தப் புலம் ஒரு நிலையில் நிற்கவில்லை. நிமிடத்துக்கு நிமிடம், மணிக்கு மணி, நாளுக்கு நாள் ஆடிக்கொண்டே இருந்தது. வரைபடத்தில் எந்தத் துண்டை எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தாலும் அதற்குள் மேலும் சிறிய ஆட்டங்கள். வெள்ளம் வந்த ஆற்றின் மேற்பரப்பைப் பார்த்தவர்களுக்கு அது பழகிய காட்சி. அதன் பெயர் கொந்தளிப்பு.

இங்கேதான் சிக்கல் தொடங்கியது. ஏனென்றால் இந்தக் காற்று நாம் சுவாசிக்கும் காற்றைப் போன்றதே இல்லை.

ஒரு புரோட்டானின் பயணம்

நம் வீட்டுக் காற்றில் ஒரு கன சென்டிமீட்டரில் சுமார் 2.5 லட்சம் கோடி கோடி மூலக்கூறுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் நொடிக்குப் பல நூறு கோடித் தடவை அண்டை மூலக்கூறுகளோடு மோதுகிறது. காற்றுக்கு ஒரு வெப்பநிலை உண்டு, ஓர் அழுத்தம் உண்டு, அது ஒரு திரவம் போல ஓடுகிறது என்றெல்லாம் நாம் சொல்ல முடிவது இந்த ஓயாத மோதலால்தான்.

பூமிக்கு அருகே சூரியக் காற்றில் ஒரு கன சென்டிமீட்டரில் இருப்பது ஏறக்குறைய 5 புரோட்டான்களும் அவற்றுக்கு ஈடான எலக்ட்ரான்களும். சூரியனிலிருந்து கிளம்பிய ஒரு புரோட்டான் 15 கோடி கிலோமீட்டரைக் கடந்து பூமிக்கு வர நான்கு நாள் ஆகிறது. இங்குள்ள நெருக்கத்தில் ஒரு மோதலுக்கும் அடுத்த மோதலுக்கும் இடையே அது கடக்கும் தூரமும் ஏறக்குறைய அந்த 15 கோடி கிலோமீட்டர்தான். இதைத்தான் மோதலற்ற பிளாஸ்மா என்கிறார்கள்.

அப்படியானால் அந்தப் புரோட்டான் யாரோடும் ஒட்டாமல் தன்பாட்டுக்குப் போகிறதா என்றால், இல்லை. அதைக் காந்தப் புலம் பிடித்துவைத்திருக்கிறது. பூமிக்கு அருகே அந்தப் புலம் மிகவும் மெலிந்தது: சுமார் 5 நானோடெஸ்லா. நம் காலடியில் பூமியின் புலம் அதைப்போல பல ஆயிரம் மடங்கு வலுவானது. ஆனாலும் மோதல் இல்லாத இடத்தில் அந்த மெலிந்த பிடி போதும். புரோட்டான் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் ஆரமுள்ள வட்டத்தில், 13 நொடிக்கு ஒரு சுற்று வீதம் காந்தக் கோட்டைச் சுற்றுகிறது. சுற்றிக்கொண்டே திருகாணியின் மரை போலக் கோட்டின் வழியே நகர்கிறது. எலக்ட்ரானின் வட்டம் இன்னும் சிறியது: ஓரிரு கிலோமீட்டர்.

ஆக, கோட்டுக்குக் குறுக்கே துகள்கள் கட்டுண்டவை. கோட்டின் நெடுகே சுதந்திரமானவை. துகளோடு துகள் பேசிக்கொள்வதில்லை. ஒவ்வொன்றும் புலத்தோடு பேசுகிறது. புலம் எல்லாவற்றோடும் பேசுகிறது. இப்படிப்பட்ட ஒன்றில் கொந்தளிப்பு எப்படி வரும்? வந்தால் எப்படி அடங்கும்?

டபராவில் ஒரு பாடம்

கொந்தளிப்பு எப்படி அடங்குகிறது என்பதை 1941-ல் ரஷ்யக் கணித மேதை ஆந்த்ரே கோல்மகோரவ் விளக்கியிருந்தார். அதை நாம் காபியில் பார்க்கலாம். டபராவில் பாலை வைத்து டிகாக்‌ஷனை ஊற்றி, கரண்டியால் ஒரே ஒரு சுற்று சுற்றுங்கள். முதலில் ஒரு பெரிய கரிய சுழல். அது உடைந்து சிறு சுழல்கள். அவை உடைந்து இழைகள். இழைகள் மெலிந்து மெலிந்து, கண்ணுக்குத் தெரியாமல் போய், கடைசியில் ஒரே நிறம். நாம் சுற்றியது பெரிய அளவில். அந்த ஆற்றல் படிப்படியாகக் கீழிறங்கி, மிகச் சிறிய அளவில் மூலக்கூறுகளின் உரசலால் வெப்பமாகிறது.

மேலே கொடுத்த ஆற்றலும் கீழே வெப்பமாகும் ஆற்றலும் சமமாக இருக்கும்போது, இடையில் உள்ள படிகளில் ஆற்றல் எப்படிப் பரவியிருக்கும் என்று கோல்மகோரவ் கணித்தார். சுழலின் அளவு 10-ல் ஒரு பங்கானால், நிறமாலையில் ஆற்றல் அடர்த்தி சுமார் 46-ல் ஒரு பங்காகும். இதுவே புகழ்பெற்ற ‘5/3 விதி’. ஆற்றிலும் கடலிலும் காற்றுச் சுரங்கத்திலும் அது பொருந்துகிறது.

சந்திரசேகருக்கு இதில் பெரும் ஈடுபாடு இருந்தது. 1949-ல் அமெரிக்க வானியல் கழகத்தின் ரஸ்ஸல் சொற்பொழிவுக்கு அவர் எடுத்துக்கொண்ட பொருளே கொந்தளிப்புதான். விண்மீன்களையும் விண்மீன்களுக்கு இடைப்பட்ட வாயுவையும் புரிந்துகொள்ள இதுவே வழி என்று அவர் கருதினார். 1951-ல் காந்தப் புலமுள்ள திரவங்களுக்கும் அந்தக் கோட்பாட்டை விரிவாக்கினார்.

ஆனால் கோல்மகோரவின் ஏணிக்குக் கடைசிப் படி உரசல். உரசல் என்பது மோதல். மோதலே இல்லாத காற்றில் அந்தக் கடைசிப் படி எங்கே?

வீணைத் தந்தி

இடையில் இன்னொருவரைச் சந்திக்க வேண்டும். 1942-ல் ஸ்வீடனின் ஹான்னஸ் ஆல்வேன் ‘நேச்சர்’ இதழில் ஒரு பக்கத்துக்கும் குறைவான கடிதம் எழுதினார். காந்தக் கோடு இறுக்கிக் கட்டிய தந்தி போன்றது. மின் கடத்தும் திரவம் அந்தத் தந்தியோடு ஒட்டிக்கொண்டு அதற்கு எடை தருகிறது. தந்தி என்றால் மீட்டலாம். மீட்டினால் அதன் வழியே அலை ஓடும். பூமிக்கு அருகே சூரியக் காற்றில் அந்த அலையின் வேகம் நொடிக்குச் சுமார் 50 கிலோமீட்டர்.

பல ஆண்டுகள் இதைப் பெரிதாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. 1948-ல் ஆல்வேன் சிகாகோவில் பேசியபோது என்ரிக்கோ ஃபெர்மி கேட்டுக்கொண்டிருந்தார். ஆமாம், இது சரிதானே என்று ஃபெர்மி தலையசைத்தார். மறுநாளிலிருந்து உலகமே ஒத்துக்கொண்டது என்று ஆல்வேன் பின்னாளில் நினைவுகூர்ந்தார். 1970-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இப்போது மரைனரின் ஆடும் எண்களுக்கு இரண்டு விளக்கங்கள் கையில் இருந்தன. 1968-ல் பால் கோல்மன் மரைனர் 2-ன் காந்தமானி எண்களை அதிர்வெண் வாரியாகப் பிரித்துப் பார்த்தார். இது கோல்மகோரவ் சொன்னது போன்ற உயிருள்ள கொந்தளிப்பு. வேகமான காற்றும் மெதுவான காற்றும் உராயும் இடங்களில் பிறந்து, படியிறங்கி, கடைசியில் புரோட்டான்களைச் சூடாக்குகிறது என்றார். 1971-ல் கால்டெக்கின் லெவரெட் டேவிஸும் அவர் மாணவர் ஜான் பெல்ச்சரும் மரைனர் 5-ன் தரவுகளை எடுத்தார்கள். காற்றின் வேகத்தை ஒரு கோடாகவும் காந்தப் புலத்தை இன்னொரு கோடாகவும் ஒன்றின் மேல் ஒன்று வரைந்தார்கள். இரண்டும் மேடுக்கு மேடு, பள்ளத்துக்குப் பள்ளம் ஒத்துப்போயின. ஆல்வேன் அலையின் கைரேகை அதுதான். அலைகள் பெரும்பாலும் சூரியனிலிருந்து வெளிநோக்கியே ஓடின. அவை சூரியன் மீட்டிய தந்தியின் அதிர்வுகள், வழியில் பிறந்தவை அல்ல என்பது அவர்கள் வாதம்.

சூரியனிடமிருந்து வந்த பழைய அலையா, வழியில் புதிதாகப் பிறக்கும் கொந்தளிப்பா? வழக்கு பத்தாண்டுக்கு மேல் நடந்தது.

வராத குளிர்

தீர்ப்புக்கு உதவியவை ஜெர்மனியும் அமெரிக்காவும் சேர்ந்து 1974-லும் 1976-லும் ஏவிய ஹீலியோஸ் விண்கலங்கள். ஹீலியோஸ் 2 சூரியனுக்கு 4.3 கோடி கிலோமீட்டர் வரை நெருங்கியது. ஒரே காற்றை அருகிலும் தூரத்திலும் அளக்க முடிந்தது. சூரியனுக்கு அருகே பெரிய அளவு ஆட்டங்கள் படியிறங்காமல் அலைகளாகவே இருந்தன. தூரம் கூடக்கூட, சிறியவற்றில் தொடங்கிப் பெரியவை வரை ஒவ்வொன்றாகக் கோல்மகோரவின் ஏணிக்குள் இழுக்கப்பட்டன. ஆக, இரு தரப்பும் சொன்னது உண்மை. அலைகள் சூரியனில் பிறக்கின்றன; வழியில் கொந்தளிப்பாக முதிர்கின்றன.

இன்னொரு அளவையும் இதைச் சொன்னது. விரியும் வாயு குளிரும். சூரியக் காற்றுக்கு வேறு எங்கிருந்தும் வெப்பம் வராவிட்டால், தூரம் 10 மடங்கானால் வெப்பநிலை 20-ல் ஒரு பங்குக்கும் கீழே விழுந்தாக வேண்டும். ஹீலியோஸும், 1977-ல் கிளம்பி வெளிக்கோள்களுக்குப் போன வாயேஜர் கலங்களும் அளந்த புரோட்டான்கள் அந்த அளவுக்குக் குளிரவில்லை. போகிற வழியெல்லாம் யாரோ அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த அடுப்பு கொந்தளிப்பு என்றால் கணக்கு ஒத்துவந்தது.

எந்த விண்கலமும் இல்லாத இடங்களிலும் இந்தக் கொந்தளிப்பைப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. அதற்கு நாம் நீலகிரிக்குப் போக வேண்டும். காற்று மண்டலத்தின் அசைவால் விண்மீன்கள் கண்சிமிட்டுகின்றன. அதேபோல, சூரியக் காற்றில் உள்ள அடர்த்தித் திட்டுகள் குறுக்கே ஓடும்போது தொலைதூர ரேடியோ மூலங்கள் சிமிட்டும் என்று கேம்பிரிட்ஜின் ஆண்டனி ஹ்யூவிஷ் குழு 1964-ல் கண்டது. அந்தச் சிமிட்டலை அளக்க அவர்கள் கட்டிய ஏரியல் வரிசையில்தான் 1967-ல் ஜோசலின் பெல் முதல் பல்சரைக் கண்டுபிடித்தார். 1970-ல் உதகமண்டலம் அருகே முத்தோரையில் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் ஒரு ரேடியோ தொலைநோக்கி எழுந்தது. நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர். 24 பரவளையச் சட்டங்களின் மேல் 1,100 மெல்லிய எவர்சில்வர் கம்பிகள் நெடுக ஓடுகின்றன. ஊட்டி இருப்பது 11 டிகிரி அட்சரேகையில்; தொலைநோக்கியை நிறுத்தியிருப்பதும் 11 டிகிரி சரிவுள்ள மலைமேல். அதனால் அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக நிற்கிறது. தொலைநோக்கியை ஒரே அச்சில் திருப்பினால் போதும், வானில் ஒரு மூலத்தை மணிக்கணக்கில் பின்தொடரலாம். அந்தக் கம்பிகளில் வந்து விழும் சிமிட்டலிலிருந்து சூரியக் காற்றின் வேகத்தையும் அதன் கொந்தளிப்பையும் பல பத்தாண்டுகளாக அங்கிருந்து அளந்துவருகிறார்கள்.

சேதி எட்டும் தூரம்

காந்தப் புலத்தில் கொந்தளிப்பு எந்த உருவம் எடுக்கும் என்பதற்குத் தெளிவான பதில் 1995-ல் வந்தது. எழுதியவர்கள் பீட்டர் கோல்ட்ரைக், சேஷாத்ரி ஸ்ரீதர். அவர்கள் மனத்தில் இருந்தது விண்மீன்களுக்கு இடையேயான வாயு. பல்சர்களின் சிமிட்டலை ஆராய்ந்தவர்கள், அந்த வாயுவின் அடர்த்தி ஆட்டம் ஒரு லட்சம் கிலோமீட்டருக்கும் குறைவான அளவிலிருந்து பல ஒளியாண்டு வரை, கோல்மகோரவ் விதியை ஒட்டியே போகிறது என்று காட்டியிருந்தார்கள். ஊரெங்கும் காந்தப் புலம் இருந்தும் சாதாரணத் தண்ணீரின் விதி எப்படி அங்கே நிற்கிறது?

அவர்களின் விடை எளிமையால் அழகானது. கோட்டுக்குக் குறுக்கே ஒரு சுழல் சுழல்கிறது. அது ஒரு சுற்று முடிப்பதற்குள், கோட்டின் நெடுகே ஆல்வேன் அலை எவ்வளவு தூரம் சேதி கொண்டுபோக முடியுமோ, அவ்வளவுதான் அந்தச் சுழலின் நீளம். அதற்கு அப்பால் உள்ள பகுதிக்குச் சேதி எட்டவில்லை. அது தன்பாட்டுக்கு வேறு சுழலாகிவிடும். இந்த ஒரு நிபந்தனையிலிருந்து மற்றதெல்லாம் வருகிறது. சுழலின் அகலம் 1,000 மடங்கு குறையும்போது நீளம் 100 மடங்கு மட்டுமே குறைகிறது. பந்தாகத் தொடங்கியது படியிறங்க இறங்க இடியாப்ப இழையாகிறது. குறுக்கே அளந்தால் 5/3 விதி. நெடுகே அளந்தால் வேறு விதி. 2008-ல் யுலிசிஸ் விண்கலத்தின் சூரியக் காற்றுத் தரவுகளில் இந்த வேறுபாடு தெரிந்தது.

கட்டுரை வந்த இதழ் அதே ‘ஆஸ்ட்ரோஃபிசிக்கல் ஜர்னல்’. அந்த ஆண்டு ஆகஸ்ட் 21-ல் சந்திரசேகர் மறைந்தார்.

அவர் விட்டுச்சென்ற இன்னொரு விதையும் அப்போதுதான் முளைக்கத் தொடங்கியிருந்தது. மோதல் இல்லாத காற்று விரியும்போது, கோட்டுக்குக் குறுக்கே உள்ள வெப்பநிலை வேகமாகக் குறையும். நெடுகே உள்ளது அவ்வளவு குறையாது. வேறுபாடு எல்லை மீறினால், தண்ணீர் பீறிடும் தீயணைப்புக் குழாய் கையிலிருந்து நழுவித் துள்ளுவது போலக் காந்தக் கோடுகள் நெளியத் தொடங்கும். இதை 1950-களில் கணித்தவர்களில் சந்திரசேகரும் ஒருவர். கவுஃப்மனோடும் வாட்சனோடும் சேர்ந்து எழுதிய அந்தக் கட்டுரையும் 1958-ல் வந்ததுதான். 1994-ல் ஏவிய விண்ட் விண்கலத்தின் லட்சக்கணக்கான அளவீடுகளைப் புள்ளிகளாகக் குறித்தபோது, புள்ளிக் கூட்டம் அந்த எல்லைக் கோட்டருகே வந்து நின்றுவிட்டது. கோடுகள் நெளியும்போது பிறக்கும் அலைகள் துகள்களைச் சிதறடித்து வேறுபாட்டைக் குறைத்துவிடுகின்றன. மோதல் செய்ய வேண்டிய வேலையை, மோதல் இல்லாத இடத்தில் புலமே செய்துகொள்கிறது.

ஓடும் பேருந்தும் டபராவும்

இனி அந்தக் கடைசிப் படி. சுழல் 100 கிலோமீட்டர் அகலத்துக்குச் சுருங்கும்போது அது புரோட்டானின் வட்டத்தோடு சமமாகிறது. அதற்குக் கீழே ஆல்வேன் அலையின் குணம் மாறுகிறது. கோட்டின் நெடுகே துகள்களைத் தள்ளும் ஒரு மின்புலம் அதற்கு வந்துவிடுகிறது. இங்கே 1946-ல் சோவியத் இயற்பியலாளர் லேவ் லாண்டாவ் காட்டிய ஓர் உண்மை வேலை செய்கிறது: மோதலே இல்லாமலும் அலை தன் ஆற்றலைத் துகள்களிடம் இழக்க முடியும்.

ஓடும் பேருந்தில் ஏறியவர்களுக்கு இது புரியும். நின்றுகொண்டிருப்பவரைப் பேருந்து கடந்துபோய்விடும். அதன் வேகத்தோடு ஓடுகிறவர்தான் கம்பியைப் பிடிக்க முடியும்; பிடித்தவரைப் பேருந்து இழுத்துக்கொள்ளும். அலையின் வேகத்துக்கு மிக அருகே ஓடும் துகள்களே அலையோடு ஆற்றல் பரிமாறுகின்றன. அலையைவிடச் சற்று மெதுவாக ஓடுபவை ஆற்றல் பெறும்; சற்று வேகமாக ஓடுபவை ஆற்றல் தரும். மெதுவானவை எண்ணிக்கையில் அதிகம் என்பதால் மொத்தத்தில் அலைக்கு நட்டம், அலை அடங்குகிறது. இருபது ஆண்டுக்குள், 1964-ல், ஆய்வகத்தில் இது சோதித்து உறுதிசெய்யப்பட்டது.

விண்வெளியில் இதைப் பார்க்கப் பல கண்கள் வேண்டும். ஒரே விண்கலம் இருந்தால், அது காணும் மாற்றம் காலத்தால் வந்ததா இடத்தால் வந்ததா என்று பிரிக்க முடியாது. ஐரோப்பாவின் நான்கு கிளஸ்டர் விண்கலங்கள் 1996 ஜூன் 4-ல் ஏரியான் 5 ராக்கெட் வெடித்துச் சிதறியபோது அதோடு அழிந்தன. குழு சோர்ந்துவிடவில்லை. மீண்டும் நான்கைக் கட்டி 2000-ல் ஏவியது. கொந்தளிப்பு புரோட்டான் வட்டத்தோடு முடிந்துவிடுவதில்லை, எலக்ட்ரானின் வட்டம் வரை இறங்குகிறது என்று 2009-ல் அவற்றின் தரவுகள் காட்டின.

2015 மார்ச்சில் ஏவிய நாசாவின் எம்.எம்.எஸ். கலங்களும் நான்கு. அவை ஒன்றுக்கொன்று சுமார் 7 கிலோமீட்டர் வரை நெருங்கிப் பறக்கக்கூடியவை. தாம்பரத்துக்கும் பல்லாவரத்துக்கும் உள்ள தூரம் போன்ற இடைவெளியில், நொடிக்குப் பல கிலோமீட்டர் வேகத்தில், விண்வெளியில் ஒரு முக்கோணக் கூம்பாக அணிவகுப்பு. ஒவ்வொன்றும் 30 மில்லி நொடிக்கு ஒருமுறை, எந்த வேகத்தில் எத்தனை எலக்ட்ரான் எந்தத் திசையில் போகிறது என்று முழுப் படம் எடுக்கிறது. பூமியின் காந்த மண்டலத்தில் சூரியக் காற்று முட்டித் திரண்டு கொந்தளிக்கும் பகுதியில் எடுத்த அத்தகைய படங்களைப் புலத்தின் ஆட்டத்தோடு பொருத்திப் பார்த்து, எலக்ட்ரான்களுக்கு லாண்டாவ் சொன்ன வழியில் ஆற்றல் போய்ச் சேருவதை 2019-ல் கிறிஸ்டோபர் சென், கிறிஸ்டோபர் கிளைன், கிரிகோரி ஹோவ்ஸ் மூவரும் காட்டினார்கள். 1946-ல் காகிதத்தில் எழுதியதை, கொந்தளிக்கும் வானில் நேரடியாகப் பார்த்த தருணம் அது.

ஆனால் ஆற்றல் துகளுக்குப் போனாலே அது வெப்பமாகிவிடாது. வெப்பம் என்றால் திரும்பப் பெற முடியாத ஒழுங்கின்மை. 2009-ல் அலெக்ஸாண்டர் ஷெகோச்சிஹினும் ஸ்டீவன் கவுலி, வில்லியம் டோர்லண்ட் உள்ளிட்ட அவர் சகாக்களும் இதற்கு ஒரு முழுமையான சித்திரம் தந்தார்கள். மறுபடியும் டபராவை நினைத்துக்கொள்ளுங்கள். இம்முறை பாலும் டிகாக்‌ஷனும் துகள்களின் வேகங்கள். எந்த வேகத்தில் எத்தனை துகள் என்ற பட்டியலில் அலை ஒரு கரிய கோடு கீறிவிட்டுப் போகிறது. அது மோதல் இல்லாமலேயே மடிந்து, நீண்டு, மெலிந்து, நுண்ணிய இழைகளாகிக்கொண்டே போகிறது. இழைகள் போதுமான அளவு மெல்லியதானதும், மிக அரிதான மோதல்கூட அவற்றைக் கலைத்துவிடப் போதுமானது. அந்த நொடியில்தான் காபி காபியாகிறது. இனிப் பாலைப் பிரிக்க முடியாது.

கோல்மகோரவின் ஏணிக்குக் கடைசிப் படி இருக்கத்தான் செய்தது. அது நாம் தேடிய இடத்தில், நீள அகலங்களின் உலகில் மட்டும் முடியவில்லை. துகள்களின் வேகங்களுக்குள்ளும் இறங்கிப்போய் அங்கே முடிகிறது. கோல்மனின் எண்களிலிருந்து இந்த விடை வரை 41 ஆண்டுகள்.

திரும்பிப் போன கட்டுரை

2018 ஆகஸ்ட் 12 அதிகாலையில் ஃப்ளோரிடாவின் கேப் கனாவரலிலிருந்து ஒரு ராக்கெட் எழுந்தது. அதைப் பார்க்க வந்திருந்தவர்களில் 91 வயதுப் பெரியவர் ஒருவர். விண்கலத்தின் பெயர் பார்க்கர் சோலார் புரோப். உயிரோடிருக்கும் ஒருவரின் பெயரை நாசா ஒரு விண்கலத்துக்கு வைத்தது அதுவே முதல்முறை.

சூரியனுக்கு அருகே காற்றின் வேகம் ஆல்வேன் அலையின் வேகத்தைவிடக் குறைவு. அங்கே தந்தியில் எழும் அலை இரு பக்கமும் ஓடலாம். சூரியனுக்கே திரும்பிப் போகலாம். ஓர் எல்லையைத் தாண்டியதும் காற்று அலையை முந்திவிடுகிறது. அதன் பிறகு எந்தச் சேதியும் சூரியனுக்குத் திரும்பாது. 2021 ஏப்ரல் 28-ல், சூரியனிலிருந்து சுமார் 1.3 கோடி கிலோமீட்டர் தூரத்தில், அந்த விண்கலம் வெளியிலிருந்து அந்த எல்லைக்குள் நுழைந்தது. மனிதன் செய்த ஒரு பொருள் சூரியனின் வளிமண்டலத்துக்குள் போனது அன்றுதான். அந்தச் செய்தியைப் பார்க்கர் கேட்டார். அடுத்த ஆண்டு மார்ச் 15-ல், 94 வயதில் காலமானார்.

விண்கலத்தின் உடலில் ஒரு தகடு பதித்திருக்கிறார்கள். அதிலுள்ள நினைவு அட்டையில் உலகெங்கிலுமிருந்து பெயர் கொடுத்த 11 லட்சம் பேரின் பெயர்கள் இருக்கின்றன. பார்க்கரின் படங்கள் இருக்கின்றன. அவருடைய 1958-ஆம் ஆண்டுக் கட்டுரையும் இருக்கிறது. இரண்டு நிபுணர்கள் தள்ளிவிட்டு, தனக்கே நம்பிக்கையில்லாமல் சந்திரசேகர் அச்சேற்றிய அந்தப் பக்கங்கள், தாம் சொன்ன காற்றுக்குள்ளேயே இன்றும் சுற்றிவருகின்றன.

(அடுத்த அத்தியாயத்தில்: எம்87 விண்மீன் மண்டலத்தின் கருந்துளையைச் சுற்றிச் சுழலும் மோதலற்ற பிளாஸ்மா, 2019-ல் உலகம் பார்த்த அந்த ஒளி வளையம் எலக்ட்ரான்களின் வெப்பத்தைப் பற்றி என்ன சொல்கிறது?)